எடின்பரோவிலிருந்து ஒரே நாளில் ஹைலேண்ட்ஸ்: சின்ன வேன் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை வந்தால் எங்கள் வீட்டு சோபா காலியாக இருப்பதில்லை. சென்னையிலிருந்து ஒருவர், லண்டனிலிருந்து இருவர், கனடாவிலிருந்து ஒரு குடும்பம் என்று யாராவது எடின்பரோவுக்கு வந்துகொண்டே இருப்பார்கள். கோட்டையைப் பார்த்து முடித்த அன்றே கேள்வி வந்துவிடும்: "அந்த மலைப்பக்கம் ஒரு நாள் போய்வர முடியுமா?" அவர்கள் கேட்பது ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியை. முடியும். விருந்தாளிகளோடு நானே நாலு முறை போய்வந்துவிட்டேன். வாட்ஸப்பில் திரும்பத் திரும்பத் தட்டிய பதில்களை இங்கே ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

சின்னக் குழு என்றால் எத்தனை பேர்? பெரிய பஸ்ஸைவிட என்ன லாபம்?

பெரும்பாலும் 16 பேர் உட்காரும் வேன். எட்டுப் பேர் மட்டும் போகும் வண்டிகளும் உண்டு, விலை அதற்கேற்றபடி ஏறும். ஓட்டுகிறவரே வழிகாட்டி. காதில் ஒரு மைக்கை மாட்டிக்கொண்டு, வளைவுகளில் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே நானூறு வருடக் கதையைச் சொல்லிக்கொண்டு வருவார்.

லாபம் சொகுசில் இல்லை. சீட் பெரிய பஸ்ஸில் இருப்பதைவிட அகலம் என்றெல்லாம் சொல்ல முடியாது. லாபம் இறங்கி ஏறுவதில் இருக்கிறது. ஐம்பது பேர் பஸ்ஸில் பதினைந்து நிமிட நிறுத்தம் என்றால் கடைசி வரிசைக்காரர் படியில் கால் வைப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். வேன் இரண்டு நிமிடத்தில் காலியாகிவிடும். அப்புறம், சாலையோரத்தில் நாலு கார் நிற்கிற அளவு இடம் இருந்தாலே வேன் ஒதுங்கிவிடும். மேகம் விலகி ஒரு மலை தெரிந்தால், அட்டவணையில் இல்லாவிட்டாலும் ஓட்டுநர் ஓரங்கட்டுவார். பெரிய பஸ்ஸில் அது நடக்காது.

எத்தனையோ டூர் இருக்கிறதே, எதை எடுப்பது?

விளம்பரத்தில் எத்தனை இடத்தின் பெயர் போட்டிருக்கிறது என்று எண்ணாதீர்கள். வண்டியை விட்டு இறங்கி எத்தனை நிமிடம் தரையில் நிற்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். நான் எல்லோருக்கும் சொல்வது இது ஒன்றைத்தான், யாரும் முதல் முறை கேட்பதில்லை.

எடின்பரோவிலிருந்து பிரபலமான ஒரு நாள் வழிகள் இரண்டு. ஒன்று, கிளென்கோ பள்ளத்தாக்கு வழியாக லாக் நெஸ் ஏரிவரை போய்வருவது. போக வர சுமார் 500 கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரம். அதில் ஏழெட்டு மணி நேரம் வண்டிக்குள்தான். இன்னொன்று, லாக் லோமண்ட், ட்ரோசாக்ஸ், ஸ்டர்லிங் கோட்டை என்று பக்கத்திலேயே சுற்றுவது. தூரம் பாதிக்கும் குறைவு, ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் காலாற நடக்கலாம். லாக் லோமண்ட் பரப்பளவில் பிரிட்டன் தீவிலேயே பெரிய ஏரி, 71 சதுர கிலோமீட்டர். அதைச் சேர்த்து 2002-இல் அறிவித்ததுதான் ஸ்காட்லாந்தின் முதல் தேசியப் பூங்கா.

பெற்றோரை அழைத்துவந்தால் இரண்டாவது. மலை என்றால் மலை மாதிரி இருக்க வேண்டும் என்பவருக்கு முதலாவது. லாக் நெஸ்ஸில் இருப்பதாகச் சொல்லும் நெஸ்ஸி என்ற பூதத்தின் பெயருக்காக மட்டும் போகிறேன் என்றால் கீழே தனிப் பதில் இருக்கிறது, படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

லாக் நெஸ் டூரில் ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை எட்டு மணிக்குக் கிளம்புவார்கள். ஓட்டலுக்கே வந்து ஏற்றுவது அரிது. நகர மையத்தில் ஓர் இடம் சொல்வார்கள். ஃபால்கிர்க் அருகே 30 மீட்டர் உயரத்தில் இரண்டு எஃகுக் குதிரைத் தலைகள் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். கெல்பீஸ் என்று பெயர். அப்புறம் ஸ்டர்லிங்கைத் தாண்டி, காலண்டர் ஊர்ப்பக்கம் முதல் நிறுத்தம்: காபி, கழிப்பறை, முடிந்தால் ஒரு ஹைலேண்ட் மாடு. கண்ணை மறைக்கும் அளவுக்குச் செம்பட்டை முடி. இங்குள்ளவர்கள் "கூ" என்பார்கள். நம் ஊர் மாட்டையே தினம் பார்த்து வளர்ந்தவர்கள்கூட இதற்கு வரிசையில் நின்று படம் எடுப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நானும் எடுத்திருக்கிறேன்.

டின்ட்ரம் தாண்டியதும் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். ரான்னக் மூர் தொடங்குகிறது. கண்ணுக்கெட்டிய மட்டும் சதுப்பும் பாறையும் சின்னச் சின்னக் குட்டைகளும். இந்தச் சேற்றில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் பாதை போட்டபோது, அடியில் மண் நிற்காமல், சுள்ளிகளையும் மரவேர்களையும் மெத்தைபோலப் பரப்பி அதன்மேல்தான் தண்டவாளத்தை இருத்தினார்கள். இன்றும் ரயில் அதன் மேலேயே போகிறது.

அடுத்தது கிளென்கோ. பிறகு ஃபோர்ட் வில்லியம் பக்கம் மதியச் சாப்பாடு. தலைக்கு மேலே பென் நெவிஸ், 1,345 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமான மலை. உச்சி பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும். நாலு முறையில் ஒரு முறைதான் நான் பார்த்தேன். ஸ்பீன் பிரிட்ஜில் இரண்டாம் உலகப் போர் கமாண்டோக்களுக்கு 1952-இல் திறந்த நினைவுச்சின்னம்: மூன்று வெண்கல வீரர்கள் மலைகளைப் பார்த்து நிற்கிறார்கள். அங்கே பத்து நிமிடம். பிறகு ஃபோர்ட் அகஸ்டஸ் என்ற சிற்றூரில் லாக் நெஸ்.

இங்கே எல்லோரும் படகுக்கு ஓடுவார்கள். நான் கால்வாய்ப் படிகளின் பக்கம் போய்விடுவேன். தாமஸ் டெல்ஃபோர்ட் திட்டமிட்டு 1822-இல் திறந்த கலிடோனியன் கால்வாய், ஊருக்கு நடுவே ஐந்து மதகுத் தொட்டிகளாகப் படிபோல இறங்கி ஏரியில் சேர்கிறது. ஒரு படகு முதல் தொட்டிக்குள் வந்து நிற்கும். பின்கதவு மூடும். முன்கதவின் அடியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வெளியேற, படகு கண்ணெதிரே மெதுவாக, கிணற்றில் வாளி இறங்குவதுபோல இறங்கும். இரண்டு தொட்டியிலும் நீர்மட்டம் ஒன்றானதும் கதவு திறக்கும். படகுக்காரர் கரையில் இறங்கி, கயிற்றைப் பிடித்து, கன்றுக்குட்டியை நடத்திப் போவதுபோல படகை அடுத்த தொட்டிக்குக் கூட்டிப்போவார். ஐந்தையும் கடக்க ஒரு மணி நேரம்போல ஆகும். காசு கிடையாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கல்லில் உட்கார்ந்து பார்க்கலாம்.

கிளென்கோவில் அப்படி என்ன இருக்கிறது?

இரண்டு பக்கமும் மலை, நடுவில் சாலை. தெற்கில் மூன்று முகடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மூன்று சகோதரிகள் என்று பெயர். வேன் நிறுத்துமிடத்தில் கதவைத் திறந்த கணமே காற்று அறையும். என் மாமியார் பட்டுக்கரைப் பருத்திச் சேலை, கம்பளிக் காலுறை, என் மனைவியின் ஓட்டப்பந்தய ஷூ சகிதம் இறங்கினார். கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, அந்த மூன்று மலைகளையும் பார்த்தார். எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே வருகிறவர், அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. "இங்கே யாரும் குடியிருக்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தார்கள். 1692 தொடக்கத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் மெக்டொனால்டு குலத்தார் வாழ்ந்தார்கள். மன்னர் மூன்றாம் வில்லியமுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க ஜனவரி 1 கெடு. குலத்தலைவர் தவறான ஊருக்குப் போய், அங்கிருந்து வேறோர் ஊருக்கு அனுப்பப்பட்டு, சில நாள் தாமதமாகிவிட்டது. பிப்ரவரி தொடக்கத்தில் ராபர்ட் கேம்பெல் என்ற தளபதியின் படை வந்து, மெக்டொனால்டுகளின் வீடுகளிலேயே தங்கி, அவர்கள் போட்ட சாப்பாட்டையே இரண்டு வாரம்போலச் சாப்பிட்டது. பிப்ரவரி 13 விடியுமுன் அதே படை விருந்து கொடுத்தவர்களை வெட்டியது. இறந்தவர்கள் சுமார் 38 பேர். தப்பி மலைமேல் ஓடியவர்களில் பலர் பனியில் விறைத்து இறந்தார்கள்.

ஓட்டுநர் சொன்னதை நான் தமிழில் சொல்லி முடித்ததும் மாமியார் கேட்டார்: "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு இவங்க ஊர்ல ஒரு வார்த்தை கிடையாதா மாப்பிள்ளை?" ஓட்டுநரிடம் அதை மொழிபெயர்த்தேன். அவர் சொன்னார், ஸ்காட்லாந்துச் சட்டத்தில் நம்பவைத்துக் கொல்வது என்பது சாதாரணக் கொலையைவிடக் கொடிய தனிக் குற்றமாகவே இருந்தது என்று. இந்த ஊர் விடுதி ஒன்றில் "கேம்பெல்களுக்கு அனுமதி இல்லை" என்று பலகையே தொங்குகிறது. இப்போது அது வேடிக்கைக்கு.

நெஸ்ஸியைப் பார்க்கலாமா?

பொம்மைக் கடையில் பார்க்கலாம்.

ஏரி நிஜமாகவே ஆச்சரியம்தான். 37 கிலோமீட்டர் நீளம், 200 மீட்டருக்கு மேல் ஆழம். இங்கிலாந்து, வேல்ஸ் ஏரிகளின் தண்ணீரை எல்லாம் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. மலைகளில் இருந்து வரும் கரிமண் கலந்து தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும், கையை விட்டால் விரல் தெரியாது. இப்படி ஒரு தண்ணீரில் பூதம் இருக்கிறது என்று கதை கட்டாவிட்டால்தான் அதிசயம். 1933-இல் செய்தித்தாளில் வந்த செய்தியால் பரபரப்பு கிளம்பியது. அடுத்த வருடம் வெளியான, நீண்ட கழுத்து நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பிரபலமான படம், பொம்மை நீர்மூழ்கியில் ஒட்டவைத்த தலை என்று 1990-களில் தெரியவந்தது. படகுச் சவாரி ஒரு மணி நேரம், பெரும்பாலும் தனிக் கட்டணம். மழை நாளில் அந்தக் காசுக்குச் சூடாக சூப் குடிக்கலாம் என்பது என் கட்சி. குழந்தைகள் இருந்தால் கட்சி மாறிக்கொள்ளுங்கள்.

"லாக்" என்று சொன்னால் ஓட்டுநர் ஏன் சிரிக்கிறார்?

பூட்டைச் சொல்கிறீர்கள் என்று நினைப்பதுபோலக் கேலி செய்வார். ஏரிக்கு இங்கே உள்ள பெயரின் கடைசி எழுத்து 'க்' இல்லை; தொண்டையைக் கொஞ்சம் உரசிக்கொண்டு வரும் காற்று. ஆங்கிலேயர்களுக்கே வராது. நமக்கு வரும்: "அஃது" என்பதை அழுத்திச் சொல்லிப் பாருங்கள், நடுவில் வரும் ஆய்தம்தான் கிட்டத்தட்ட அது. பள்ளிக்கூடத்தோடு மறந்துபோன ஆய்த எழுத்துக்கு எனக்குக் கிடைத்த ஒரே உபயோகம் இதுதான். கூடவே மூன்று சொல் தெரிந்தால் வரைபடம் புரியும்: கிளென் குறுகலான பள்ளத்தாக்கு, ஸ்ட்ராத் அகலமானது, பென் என்றால் மலை.

ஐஸ்வர்யா ராய் பாட்டில் வருகிற கோட்டைக்குப் போவார்களா?

"கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்" பாட்டில் நீருக்கு நடுவே கல்பாலத்தோடு வருவது ஐலன் டோனன் கோட்டை. அது ஸ்கை தீவுக்குப் போகும் வழியில் இருக்கிறது. எடின்பரோவிலிருந்து ஒரே நாளில் அங்கே போய்வருவது வண்டியிலேயே வாழ்க்கை நடத்துவதற்குச் சமம். ஆசை இருந்தால் ரயிலில் இன்வர்னெஸ் போய் ஓர் இரவு தங்கி, மறுநாள் அங்கிருந்து கிளம்பும் ஒரு நாள் டூரில் ஏறுங்கள்.

எந்த மாதம் நல்லது?

மே அல்லது செப்டம்பர் கடைசி. ஜூன் நடுவில் எடின்பரோவில் இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும், அதனால் பன்னிரண்டு மணி நேரப் பயணம் முழுக்க வெளிச்சத்தில். டிசம்பரில் மூன்றே முக்காலுக்கு முன்பே மறைந்துவிடும். திரும்பும் வழி முழுவதும் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். ஆகஸ்ட் கடைசியில் மலைச்சரிவெல்லாம் ஹெதர் பூத்து ஊதா நிறமாக இருக்கும்.

கோடையில் ஒரு தொல்லை உண்டு: மிட்ஜ். கொசுவில் கால்வாசி அளவு, கூட்டமாக வரும், கடித்தால் அரிப்பு. காற்றில்லாத, ஈரமான, வெயில் இல்லாத நேரத்தில்தான் வரும். காற்றடித்தால் பறக்க முடியாது. ஆகவே காற்றைத் திட்டாதீர்கள்.

என்ன உடுத்துவது?

மழைக்கோட்டு, அதுவும் தலைமூடியோடு. கிளென்கோ பிரிட்டனில் மழை அதிகம் பெய்யும் இடங்களில் ஒன்று. குடை வேண்டாம், அந்தக் காற்றில் குடை இரண்டு நிமிடத்தில் உள்புறம் வெளியாகிவிடும். ஜூலை என்றாலும் ஒரு ஸ்வெட்டர். செருப்பு வேண்டாம், நனைந்தாலும் பரவாயில்லை என்கிற ஷூ.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் சரவண பவனை எதிர்பார்த்துப் போகக் கூடாது. மதியம் நிறுத்தும் இடங்களில் பருப்பு சூப், வெண்ணெயும் பீன்ஸும் போட்ட சுட்ட உருளைக்கிழங்கு, சீஸ் சாண்ட்விச், ஸ்கோன் என்கிற சின்ன பன் இருக்கும். சூப் எதில் கொதித்தது என்று கேளுங்கள். பருப்பு சூப்பில் பன்றித் தொடை எலும்பு போடுவது இங்கே பழைய வழக்கம். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு சேர்த்துச் செய்யும் ஹாகிஸை, பயறும் காளானும் வைத்துச் சைவமாகவும் செய்கிறார்கள். மிளகு தூக்கலாக இருக்கும், நம் நாக்குக்குப் பிடிக்கும்.

நாங்கள் புளியோதரையும் வடகமும் கட்டிக்கொண்டு போவோம். ஆனால் வேனுக்குள் பிரிக்காதீர்கள். மூடிய வண்டியில் பெருங்காய வாசனை பதினாறு பேருக்கும் பொது. வெளியே பெஞ்சு இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீரே அருமை.

வயதானவர்கள், குழந்தைகள், வாந்தி வருகிறவர்கள்?

வேனில் கழிப்பறை கிடையாது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவார்கள். அவசரம் என்றால் தயங்காமல் ஓட்டுநரிடம் சொல்லுங்கள், அவருக்கு இது புதிதில்லை. படி கொஞ்சம் உயரம், முழங்கால் வலி உள்ளவர்கள் சின்னப் படிக்கட்டு வைப்பார்களா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். கைக்குழந்தைகளையும் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் பல நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

ஏரியோரச் சாலைகள் வளைந்து வளைந்து போகும். வயிறு புரட்டுகிறவர்கள் முன் வரிசையில் உட்காருங்கள், போனைப் பார்க்காதீர்கள். என் அத்தை எலுமிச்சம்பழம் ஒன்றை முகர்ந்துகொண்டே லாக் நெஸ்வரை வந்தார், ஒன்றும் ஆகவில்லை.

ஸ்காட்லாந்துக்குத் தனி விசா வேண்டுமா?

வேண்டாம். பிரிட்டிஷ் விசா ஒன்றே போதும், இங்கிலாந்திலிருந்து வர எல்லைச் சோதனையும் இல்லை. ஆனால் ஷெங்கன் விசா இங்கே செல்லாது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் பிரிட்டிஷ் சுற்றுலா விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, கனடா பாஸ்போர்ட் என்றால் விசா இல்லை, ஆனால் முன்கூட்டியே இணையத்தில் பயண அனுமதி வாங்க வேண்டும்.

செலவு?

நான் பார்த்தவரை லாக் நெஸ் டூர் ஆளுக்கு 50-லிருந்து 80 பவுண்டுக்குள். சாப்பாடு, படகு, கோட்டை நுழைவு பெரும்பாலும் சேராது. டிப்ஸ் கட்டாயமில்லை, பிடித்திருந்தால் இறங்கும்போது ஓட்டுநர் கையில் ஐந்தோ பத்தோ கொடுங்கள். எங்கும் கார்டு செல்லும். சில்லறையாக ஸ்காட்லாந்து வங்கி நோட்டு கிடைத்தால் இங்கேயே செலவழித்துவிடுங்கள். இங்கே மூன்று வங்கிகள் தனித்தனியாக நோட்டு அடிக்கின்றன, லண்டன் கடைக்காரர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

கார் எடுத்து நாங்களே ஓட்டிக்கொண்டு போகலாமே?

நாலு பேர் இருந்தால் செலவும் குறையும், நினைத்த இடத்தில் நிற்கலாம். நம் ஊர்போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் ஓட்டுகிறவர் மலையைப் பார்க்க மாட்டார், சாலையைத்தான் பார்ப்பார். கிளைச் சாலைகளில் ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடம்வரை பின்னால் போக வேண்டும். விஸ்கி ஆலை பார்க்கும் எண்ணம் இருந்தால் சத்தியமாக வேன்தான். குடித்து ஓட்டும் அளவை ஸ்காட்லாந்து 2014-இல் குறைத்துவிட்டது, இங்கிலாந்தைவிடக் கடுமை.

ஐந்து நிமிடம் தாமதமானால் காத்திருப்பார்களா?

மாட்டார்கள். என் மச்சான் காபி வாங்கப் போனார். எட்டு மூன்றுக்குக் கையில் மூன்று கோப்பையோடு வந்தபோது வண்டி திருப்பத்தில் மறைந்துகொண்டிருந்தது. பணமும் திரும்பவில்லை. அன்று நகரத்திலேயே மலையேறினோம். ஏழே முக்காலுக்கே போய் நில்லுங்கள், முதலில் ஏறுகிறவருக்கு ஜன்னல் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம்.

எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

இடப்பக்கம். போகும்போது லாக் லப்னெய்க் ஏரி, மூன்று சகோதரிகள், லாக் லின்னி, லாக் லாக்கி எல்லாம் இடப்பக்கமே வரும். சில ஓட்டுநர்கள் மதியத்துக்கு மேல் இடம் மாறி உட்காரச் சொல்வார்கள், அதற்கு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

திரும்பும் வழியில் தூங்கிவிடலாமா?

பிட்லாக்ரிவரை தூங்கலாம், எல்லோரும் தூங்குவார்கள், குறட்டைச் சத்தத்துக்கு நடுவே ஓட்டுநர் மெதுவாகப் பாட்டுப் போட்டுவிடுவார். அங்கே கால்நீட்ட ஒரு நிறுத்தம். அதற்குப் பிறகு டன்கெல்ட் என்று ஒரு பெயர்ப்பலகை வரும். ஹட்டன் பக்கம் பிறந்த நண்பர் ஒருவர் அதைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தார். இலங்கையில் டிக்கோயாவில் அதே பெயரில் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. 1867-இல் லூல்கந்துரவில் முதல் தேயிலைத் தோட்டத்தைப் போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். பின்னால் வந்த துரைமார் பலர் தங்கள் ஊர்ப் பெயர்களையே மலையில் நட்டுவைத்தார்கள். "எங்க தாத்தா பேர் போட்ட பலகை மாதிரி இருக்கு" என்றார் அவர். டன்கெல்டில் டூர் வேன்கள் பெரும்பாலும் நிற்பதில்லை. அவருக்காக எங்கள் ஓட்டுநர் நிறுத்தினார், மூன்று நிமிடம்.

கடைசி இருபது நிமிடத்துக்கு எப்படியாவது விழித்திருங்கள். 2017-இல் திறந்த குவீன்ஸ்ஃபெரி பாலத்தில் ஏறியதும், திரும்பவும் இடப்பக்க ஜன்னல்: பக்கத்தில் 1964-இன் தொங்குபாலம், அதற்கு அப்பால் 1890-இல் கட்டிய சிவப்பு ரயில் பாலம். அந்நேரம் அதன்மேல் ஒரு ரயில் போனால் அது தீப்பெட்டிபோலத் தெரியும்.